முடிச்சைப் பிடித்தும் செபம் சொல்லலாம்: விசுவாசத்தின் ஆழம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்கில் கொஞ்சப் பேர் உடனே வீட்டுக்குப் போகமாட்டார்கள். மண்டபத்து வாங்குகளை வட்டமாக இழுத்துப்போட்டு, தேத்தண்ணியோடு கதைத்துக்கொண்டிருப்போம். அங்கே கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. சில கேள்விகள் வருடா வருடம் திரும்பி வரும். கேட்கிற முகம் மட்டும் மாறும்.

நான் குருவானவரும் அல்ல, துறவியும் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக மறைக்கல்வி படிப்பிக்கிறவள். அம்மா குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பம், கடற்தொழில். அப்பா வட்டுக்கோட்டைப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபை. ஆகவே எங்கள் வீட்டில் அம்மம்மாவின் செபமாலையும் இருந்தது, அப்பாவின் கறுத்த மட்டைப் பழைய வேதாகமமும் இருந்தது. கீழே வரும் வேதவசனங்கள் அந்த வேதாகமத்தில் உள்ளபடி.

ஆழமான விசுவாசம் எண்டால் என்ன? செபிக்கேக்க அழுகை வாறதா?

அழுகை வந்தால் வரட்டும், அது நல்லது. ஆனால் அதை வைத்து ஆழத்தை அளக்க முடியாது.

விதைப்பவன் உவமையை மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கற்பாறை நிலத்தில் விழுந்த விதைதான் சீக்கிரமாக முளைத்தது என்று இயேசு சொல்கிறார். காரணமும் சொல்கிறார்: அங்கே மண் ஆழமில்லை. வலிகாமத்தில் தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செம்மண் பார்க்க வடிவு. சில காணிகளில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ஒரு சாணுக்குள் சுண்ணாம்புக்கல்லில் அடிக்கும். அந்த இடத்தில் மழைக்கு முளைத்தது பங்குனி வெயிலுக்கு நிற்காது.

இன்னொன்றும் எங்கள் ஊருக்குத் தெரியும். பனங்கொட்டையைப் பாத்தி போட்டால் கிழமைக் கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. கிழங்கு முதலில் கீழே இறங்கும். பச்சை காட்டுவது அதற்குப் பிறகு. விசுவாசம் வளர்கிறதா என்று நாளுக்கு நாள் தோண்டிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது: பாத்தியைக் கிளறாதையுங்கோ.

எங்கட முன்னோர் உத்தியோகத்துக்கும் காணிக்கும் வேதத்துக்கு மாறினவை எண்டு சொல்லுவினம். அப்ப இது உண்மையான விசுவாசமோ?

ஒரு பகுதி உண்மை. அதை மறைத்து என்ன செய்வது?

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது. அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குக் கொடுக்கப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களுக்கு ஒளிக்க இடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை போடப்பட்டது. ஊரூராக இருந்த கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குப் போயின. கோயிலோடு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் பெயர்ப்பதிவு. கலியாணத்தைப் பதிய, முதுசத்தை உறுதிப்படுத்த, அரசாங்க உத்தியோகம் எடுக்க அந்தப் பதிவில் பெயர் வேண்டும். சனம் பெயர் கொடுத்தது. வீட்டில் திருநீறு பூசினது, ஏட்டில் கிறிஸ்தவராக இருந்தது.

1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டாயம் தளர்ந்தது. ஏடு முழுக்க நிறைந்திருந்த அந்தப் பெயர்கள் ஒரு தலைமுறைக்குள் கரைந்து போயின. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் போனபோது, அந்தப் பெரிய கற்கோயில்கள் கூரையில்லாமல் இடிந்து கிடந்தன. இது விசுவாசம் பற்றிப் படிக்கிற எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய கதை என்று நினைக்கிறேன். கிட்டத்தட்ட 140 வருடம் அரசாங்கமே பின்னால் நின்ற ஒரு மதம், அரசாங்கம் போனதும் தானும் போனது.

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். அதே ஒல்லாந்தர் காலத்தில், அதே ஊர்களில், தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கருக்கு என்ன நடந்தது?

1687 இல் கோவாவில் இருந்து யோசேப்பு வாஸ் அடிகள் கூலியாளின் உடுப்பில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். கடல் பயணத்திலேயே கடும் வயிற்றோட்டம். ஆளைத் தெரியாத ஊரில் நோயாளியாகத் தெருவோரம் கிடந்தவரைக் கஞ்சி வார்த்துத் தேற்றியவர்கள் இந்த ஊர்ச் சனங்கள். எழும்பி நடக்க முடிந்ததும் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். தன்னைக் குரு என்று சொல்லமுடியாது, சொன்னால் எல்லாருக்கும் ஆபத்து. அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்றுதான் பார்த்தார். சில வீடுகளில் மாறியது. பிறகு சில்லாலைக்குப் போய் அங்கே மறைந்திருந்து, இரவில் பூசை வைத்து, ஊர்களுக்குப் போய்வந்தார்.

கணக்குப் பாருங்கள். 1658 இலிருந்து 1687 வரை 29 வருடம். அங்கே இருக்க ஒரு குரு இல்லை, வெளிப்படையாக ஒரு பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. குருவின் முகத்தையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்து பிள்ளையும் பெற்றுவிட்டது. ஆனாலும் செபமாலை என்றால் என்னவென்று தெரிந்த முகங்கள் மிச்சம் இருந்தன. அவர்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? அடுப்படியில் இருந்த பெண்கள்தான் என்பது என்னுடைய நம்பிக்கை. வேறு யார் இருந்தார்கள்?

2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேப்பு வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்தினார். பிற்பகல் மடு மாதா திருத்தலத்துக்கும் வந்தார். நான் அன்று மடுவில் நின்றேன். எனக்கு அந்தக் கஞ்சி வார்த்த கைதான் நினைவில் வந்துகொண்டிருந்தது.

ஒன்று மட்டும் சேர்க்கவேண்டும். ஆதாயத்துக்காக வந்தவர்களை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அப்பாவின் பூட்டன் வட்டுக்கோட்டையில் இங்கிலிஷ் படிக்கத்தான் மிஷனரிமாரிடம் போனவர். படிப்பு முடிந்தது, உத்தியோகமும் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் போகவில்லை, நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. எந்த வாசலால் வந்தார் என்பதை விட, நிற்கத் தேவையில்லாத நாளிலும் நின்றார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சந்தேகம் வந்தால் விசுவாசம் போச்சு எண்டா அர்த்தம்?

இல்லை. பிள்ளைக்கு வலிப்பு என்று இயேசுவிடம் வந்த தகப்பன் என்ன சொன்னான்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). இரண்டும் ஒரே மூச்சில். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று சொல்லவும் இல்லை. பிள்ளையைச் சுகப்படுத்தினார். இந்த ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துவைத்திருங்கள். இது தனியாகவே ஒரு முழுச் செபம்.

கடவுளோட கோவிக்கலாமோ?

கோவிக்கலாம். அவரிடமே கோவிக்கவேண்டும்.

எங்கள் ஆட்கள் இதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 150 சங்கீதங்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் முறைப்பாடும் புலம்பலும்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். ஆனாலும் அது நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை. அன்பரும் தோழரும் விலகிப்போய், இருளோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் செபம் என்று எண்ணித்தான் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள். யோபு தான் பிறந்த நாளையே சபித்தான். கடைசியில் கடவுள் கண்டித்தது அவனை விட, அவனுக்குப் புத்தி சொல்ல வந்த கூட்டாளிகளைத்தான்.

எங்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. தவக்காலத்து இரவுகளில் பசாம் படிப்பார்கள், இயேசுவின் பாடுகளையும் மாதாவின் துயரத்தையும் சொல்லுகிற புலம்பல். யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் இழுத்து இழுத்து இராகத்தோடு படிக்க, மற்றவர்கள் தரையில் இருந்து கேட்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது நித்திரை வரவைக்கிற சத்தம். பெரிய ஆட்கள் ஏன் அதற்கு இப்படி அழுகிறார்கள் என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாதாவின் ஒப்பாரியைச் சாட்டி அவரவர் தங்கள் தங்கள் ஒப்பாரியை அழுதுகொண்டிருந்தார்கள். கடலில் போனவனுக்காக, ஷெல்லில் போனவளுக்காக. வீட்டில் அழுதால் "விசுவாசம் இல்லையோ" என்று கேட்கிற சனம், பசாமில் அழுதால் ஒன்றும் சொல்லாது. அந்த வழக்கம் பல இடங்களில் குறைந்துபோனது எனக்குக் கவலை. அழ இடமில்லாத பக்தி நெடுநாள் நிற்காது.

கோயிலுக்குள்ளயே குண்டு விழுந்ததே. அதுக்குப் பிறகும் எப்பிடி நம்புறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் ஒருநாளும் இடைமறித்ததில்லை. என் சொந்தக் கேள்வியும் இதுதான்.

1993 நவம்பர் 13. குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் விமானக் குண்டு விழுந்தது. அது அம்மாவின் கோயில். நான் திருமுழுக்குப் பெற்ற கோயில். எனக்கு அப்போது ஒன்பது வயது. 1995 ஜூலை 9. நவாலி புனித பேதுரு ஆலயம். வலிகாமத்தின் மற்றப் பக்கங்களில் இருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் கோயில் என்றால் பாதுகாப்பு என்று தங்கியிருந்த இடம். பக்கத்தில் சின்னக்கதிர்காம முருகன் கோயிலிலும் அப்படித்தான். இரண்டிலும் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், குழந்தைகளும் உட்பட. வேதக்காரரும் சைவரும் ஒரே பின்னேரத்தில்.

இதற்கு ஏன் என்று எனக்கு விடை தெரியாது. விடை தெரியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை. "தேவசித்தம்" என்று ஒருவர் சொன்னார். குண்டு போட்டது மனிதர். அதைத் தேவனின் கணக்கில் எழுதக்கூடாது. "ஆண்டவர் எங்களைச் சோதிக்கிறார்" என்று இன்னொருவர். ஒருவரின் விசுவாசத்தைச் சோதிக்க அடுத்த வீட்டுக் குழந்தையைக் கொல்கிற கடவுளை நான் வேதாகமத்தில் காணவில்லை. "நாங்கள் செபித்தோம், தப்பிவிட்டோம்" என்று சாட்சி சொல்கிறவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே கதைத்திருக்கிறேன். செத்தவர்களும் செபித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்படியென்றால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? தானியேல் 3ஆம் அதிகாரத்தில் மூன்று பெடியன்கள் அரசனுக்குச் சொல்கிற பதில் எனக்கு உதவியிருக்கிறது. எங்கள் தேவன் எங்களைச் சூளையிலிருந்து தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அடுத்த வரியில், தப்புவிக்காவிட்டாலும் உன் சிலையைக் கும்பிடமாட்டோம் என்கிறார்கள். அந்த "தப்புவிக்காவிட்டாலும்" என்ற சொல்லில்தான் விசுவாசத்தின் எலும்பு இருக்கிறது. அதற்கு மேலே ஒன்றுண்டு. சிலுவையில் தொங்கினவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் கேட்டார். அவருக்கும் உடனே விடை வரவில்லை. நான் கும்பிடுகிறவர் இந்தக் கேள்வியை என்னை முந்திக் கேட்டவர் என்பதால்தான் நான் இன்னும் அந்தக் கோயிலுக்குப் போகிறேன். இது விடையில்லை, தெரியும். நான் அதில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

காணாமல் போனவருக்காக எப்பிடிச் செபிக்கிறது? செத்தவையோட சேர்க்கிறதா, உயிரோட இருக்கிறவையோட சேர்க்கிறதா?

2006 ஆவணியில் போரால் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது என் தம்பி கிளிநொச்சிப் பக்கம் வேலையில் நின்றான். வரமுடியவில்லை. 2009 சித்திரைக்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

நவம்பர் 2, சகல ஆத்துமாக்களின் நாள். எல்லாரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறை துடைத்து, வெள்ளை அடித்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். எங்களுக்கு அப்பாவின் கல்லறை இருக்கிறது. தம்பிக்கு இல்லை. கோயிலில் மரித்தோரின் பெயர்களை எழுதிக் கொடுக்க ஒரு கடதாசி தருவார்கள். முதல் வருடம் நான் பேனையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அப்பாவின் பெயரை எழுதினேன், அம்மம்மாவின் பெயரை எழுதினேன். பேனை நின்றுவிட்டது. எழுதினால் அவனை நானே சாகடித்த மாதிரி. எழுதாவிட்டால், அவன் உண்மையில் இறந்திருந்தால், அவனுக்காக ஒரு செபமும் இல்லாமல் போகுமே.

அம்மா கடதாசியை என் கையிலிருந்து வாங்கி மடித்து, "இதில வேண்டாம் பிள்ளை" என்றா. பிறகு கந்தோருக்குப் போய் அவனுடைய பிறந்தநாளுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தா. எழுதுகிறவர் "என்ன கருத்துக்கு அம்மா? சுகபலனுக்கோ, ஆத்தும இளைப்பாற்றிக்கோ?" என்று கேட்டார். "பெயரை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கோ. மிச்சம் அவருக்குத் தெரியும்" என்றா அம்மா. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்படியே. சுவாமி அந்தப் பெயரை மட்டும் வாசிப்பார், ஒரு நொடி நிறுத்துவார், பிறகு பூசையைத் தொடர்வார்.

தெரியாததைத் தெரியாது என்றே கடவுளிடம் கொடுக்கலாம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

விசுவாசம் இருந்தால் மருந்து எடுக்கத் தேவையில்லை எண்டு ஒரு செபக்கூட்டத்தில சொன்னவை. சரியா?

பிழை. ஆபத்தான பிழை. இப்படி ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு, பிள்ளையின் வலிப்புக் குளிசையை நிறுத்திய ஒரு தாயை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையை ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடியவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தாயின் விசுவாசத்தில் குறை இல்லை. அவவுக்குச் சொல்லப்பட்டது பொய்.

இந்த மண்ணில் விசுவாசமும் வைத்தியமும் ஒரே வீட்டில் இருந்தவை. 1847 இல் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். செபிக்காமல் கத்தி எடுத்தவர் அல்ல அவர். செபித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தவரும் அல்ல. மனச்சோர்வுக்கும் இதே பதில்தான். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் இருப்பவரிடம் "விசுவாசம் காணாது" என்று சொல்லாதீர்கள். கூட்டிக்கொண்டு போய் மனநல வைத்தியரைக் காட்டுங்கள். வரிசையில் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்லலாம்.

சைவச் சொந்தக்காரருக்கு நடுவில இருக்கிறன். என்ர விசுவாசத்தை எப்பிடிக் காப்பாத்துறது?

காப்பாற்றுவது என்ற சொல்லே எனக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் உங்களிடமிருந்து பறிக்க வந்தவர்கள் இல்லையே.

ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு வருடக்கணக்கில் உழைத்தார். இந்த ஊரில் அவரளவுக்கு வேதாகமத்தை வரிவரியாக அறிந்த கிறிஸ்தவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் சைவத்திலேயே நின்றார், சைவத்துக்காகவே வாதாடினார். அதில் எங்களுக்குக் கோபம் வரத் தேவையில்லை. தான் நம்பினதைத் தெரிந்து நம்பின மனிதர். மற்றப் பக்கத்தில், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், அருள் என்பதைக் கிறிஸ்தவமும் இந்து சமயமும் எப்படி விளங்கிக்கொள்கின்றன என்று ஒப்பிட்டு ஒரு முழு நூல் எழுதினார். மற்றவரின் பக்தியைக் கூர்ந்து பார்த்ததால் அவருடைய விசுவாசம் மெலியவில்லை.

பொங்கலுக்குக் கூப்பிட்டால் போங்கள். உங்கள் வீட்டு நத்தாருக்குக் கூப்பிடுங்கள். செத்தவீட்டுக்கு முதல் ஆளாக நில்லுங்கள்.

மகன் கனடாவில. கோயில் பக்கமே போறதில்லை. நான் வளர்த்த முறை பிழையோ?

இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் எங்கள் பங்கில் குறைவு. பெரும்பாலும் மண்டபத்தில் கேட்கமாட்டார்கள். கேற்றடியில், மற்றவர்கள் போனபிறகு கேட்பார்கள்.

புனித மொனிக்கம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் அகுஸ்தீன் வருடக்கணக்காக வேறு வழிகளில் திரிந்தார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருநாளில் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு 32 வயது. அதே வருடம் தாய் இறந்துபோனார். அவ்வளவு காலம் காத்திருந்தவர்.

ஆனால் தாய்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு வட்ஸ்அப் அழைப்பிலும் "பூசைக்குப் போனியே?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளை அழைப்பை எடுக்காமல் விடுவான். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பனிக்குள் வேலைக்குப் போய்வருவதைக் கேளுங்கள். கடைசியில், "நான் இரவு செபத்தில உன்ர பெயரைச் சொல்லுறனான்" என்று மட்டும் சொல்லுங்கள். ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான், கடிதத்துக்கு மேல் கடிதம் போடவில்லை.

செபிக்கவே மனம் வரேல்லை. மாசக்கணக்காப் போச்சு. என்ன செய்யிறது?

1995 ஒக்ரோபர் 30 இரவு. போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டது. மழை. செம்மணியைத் தாண்டி நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஆளோடு ஆள் ஒட்டி, அடி அடியாக நகர்ந்தோம். சைக்கிளில் அரிசிச் சாக்கு, அதன்மேல் தம்பி. நான் அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அம்மம்மாவின் மற்றக் கையில் செபமாலை. அது பழைய மணி. கயிறு எப்போதோ அறுந்து, அப்பு வலை பின்னுகிற தங்கூசியில் திரும்பக் கோர்த்துக் கொடுத்திருந்தார். 59 மணியில் ஏழு தொலைந்துபோயிருந்தன. தொலைந்த இடங்களில் தங்கூசியையே முடிச்சுப் போட்டுவிட்டிருந்தார். அன்று இரவு அம்மம்மா அருள்நிறைந்த மந்திரம் சொல்லவில்லை. வாய் அசையவே இல்லை. விரல் மட்டும் மணிக்கு மணி நகர்ந்துகொண்டிருந்தது. பாலத்தடியில் நான் கேட்டேன், "அம்மம்மா, நீங்க செபிக்கேல்லையா?"

"ஏலாது பிள்ளை. நெஞ்சு அடைக்குது. நீ சொல்லு, நான் மணியைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

நான் சொன்னேன். எங்கேயோ பிழைத்தேன், பின்னால் வந்த ஒரு முன்பின் தெரியாத மனுசி எடுத்துக்கொடுத்தா. அவவும் சேர்ந்து சொன்னா. பிறகு இன்னும் இரண்டு பேர். "மணி இல்லாத இடம் வருது அம்மம்மா" என்றேன், விரலால் தடவிப் பார்த்து. "முடிச்சைப் பிடிச்சும் சொல்லலாம்" என்றா.

மனம் வராத காலத்தில் நான் செய்வது இதுதான். மனம் வரும்வரை காத்திருப்பதில்லை. சொந்தச் சொல் வராவிட்டால் முன்னோர் சொல்லித்தந்த சொல்லைச் சொல்கிறேன். அதுவும் வராவிட்டால் சொல்கிற ஒருவருக்குப் பக்கத்தில் போய் இருக்கிறேன். தனிப்பட்ட விசுவாசம் என்பதை நாங்கள் தனியாளின் விசுவாசம் என்று பிழையாக விளங்கிவிட்டோம். என்னுடையது என்னுடையதுதான், ஆனால் என்னால் தூக்க ஏலாத இரவில் மற்றவர் தூக்குவார். அவருக்கு ஏலாதபோது நான்.

எப்பிடித் தொடங்குறது? ஒண்டும் தெரியாத ஆளுக்குச் சொல்லுங்கோ.

சின்னதாகத் தொடங்குங்கள். விளக்கு வைக்கிற நேரம் நல்லது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு உடம்பே தானாக அடங்கும். கைபேசியை மற்ற அறையில் வையுங்கள். ஒரு சங்கீதம், சத்தமாக. 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்தான். பிறகு அன்றைய நாளில் உங்களை வருத்தின ஒரு விடயத்தை அலங்காரம் இல்லாமல் சொல்லுங்கள். பிறகு மற்றவர் ஒருவரின் பெயர். ஐந்து நிமிடம் காணும். ஒருநாள் தவறினால் அடுத்தநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள், அன்றைக்கு உள்ளதை மட்டும் செய்யுங்கள்.

கூடவே ஒரு ஆளைத் தேடுங்கள். உங்களை விட வயது கூடினவர், கஷ்டம் பட்டவர், அதிகம் புத்தி சொல்லாதவர். அப்படி ஒருவரையும் தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வாருங்கள். முடிந்தபின் மண்டபத்தில் இருப்போம். தேத்தண்ணி இருக்கும்.